மக்காச் சோளக் குவளை

புனே நகரில் நான் குடியிருக்கும் அடுக்கு வீடுகளின் வளாகத்தில் ஏறக்குறைய முப்பது தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் பொங்கலன்று முற்றத்தில் அடுப்பு மூட்டிப் பானை வைத்து, மராத்தி, குஜராத்தி, வங்காளி அன்பர்களையும் அழைத்து விருந்து செய்வது எங்கள் வழக்கம். 2023ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு முந்திய வாரம் கூடிப் பேசியபோது ஒரு சிறு பிரச்சினை எழுந்தது. முந்நூறு பேருக்குப் பானகமும் நீர்மோரும் கொடுக்க வேண்டும், எதில் கொடுப்பது?

ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி முதலியவற்றை 2022 ஜூலை முதல் தேதியிலிருந்து மத்திய அரசு நாடெங்கும் தடை செய்துவிட்டது. காகிதக் குவளை வாங்கலாம் என்றார் ஒருவர். அதன் உட்புறத்திலும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டே என்றார் மற்றொருவர். அப்போது இளைஞர் ஒருவர் ஒரு குவளையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கண்ணாடியைப்போல் பளபளவென்று இருந்தது. மக்காச்சோளத்திலிருந்து செய்தது, எருவாக மாறிவிடுவது, சட்டமும் இதற்கு விலக்கு அளித்திருக்கிறது என்றார். குவளையின் மேல் பச்சை இலையொன்றின் படமும் இருந்தது. விலை சற்று அதிகந்தான். மனச்சாட்சிக்காகக் கொடுக்கும் விலை என்று எண்ணி முந்நூறு குவளைகள் வாங்கினோம்.

பொங்கலன்று ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. எங்களுள் மூத்தவர் ஒருவர், பானகம் தமக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி, வீட்டிலிருந்து வந்த சூடான காப்பியை அந்தக் குவளையில் ஊற்றிக்கொண்டார். கண் இமைக்கும் நேரத்தில் குவளை வதக்கிய கீரையைப்போல் துவண்டு ஒருபுறம் சாய்ந்தது. காப்பி வேட்டியில் கொட்டியது. எல்லோரும் சிரித்தோம். அந்தத் துவண்ட குவளைக்குள்ளேதான் விஷயம் முழுவதும் அடங்கியிருந்தது என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

விருந்து முடிந்ததும் குவளைகளைக் குப்பையில் சேர்க்கவில்லை. வாழையிலை, பூச்சரம், கரும்புச் சக்கை ஆகியவற்றோடு தோட்டத்து மூலையிலுள்ள உரக்குழியில் இட்டு மூடினோம். அடுத்த பொங்கலுக்குள் இவை ரோஜாச் செடிக்கு எருவாகிவிடும் என்று குழந்தைகளுக்கு ஒரு சிறு பிரசங்கமும் செய்தோம். மழைக்காலம் கழிந்து அக்டோபரில் தோட்டக்காரர் குழியைத் திறந்தார். இலையைக் காணோம், பூவைக் காணோம், கரும்புச் சக்கைகூட நார்நாராகி மண்ணோடு கலந்திருந்தது. குவளைகள் மட்டும், கழுவி எடுத்தால் இன்னொரு விருந்துக்கு வைக்கலாம் என்னும்படி இருந்தன. பச்சை இலைப் படம்கூட அழியவில்லை. “பெயரிலேயே எச்சரிக்கை இருந்ததே! மக்காச் சோளம்!” என்றார், காப்பியை இழந்த பெரியவர்.

குவளையை விற்றவர் பொய் சொன்னாரா? இல்லை. அது மக்காச்சோளத்திலிருந்து செய்தது என்பது உண்மை. எருவாகும் என்பதும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட உண்மை. அந்த நிபந்தனை என்ன என்பதை அறிய, முதலில் பிளாஸ்டிக்கின் பூர்வோத்தரத்தைச் சிறிது பார்ப்போம்.

செடியிலிருந்து பிளாஸ்டிக் செய்வது இன்றைய புதுமை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் பிளாஸ்டிக் பிறந்ததே செடியிலிருந்துதான். யானைத் தந்தத்துக்கு மாற்றாக ஒரு பொருள் தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹையட், 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் செல்லுலாய்டைத் தொழில்முறையில் உருவாக்கினார். பஞ்சின் நாரை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தி, நாம் கோயிலில் ஏற்றும் கர்ப்பூரத்தை அதனோடு சேர்த்துப் பிசைந்ததே அந்தப் பொருள். சீப்பு, பொம்மை, சினிமாப் படச்சுருள் எல்லாம் அதில் வந்தன. சென்ற தலைமுறையினர் கேட்ட கிராமபோன் இசைத்தட்டு, மரக்கிளைகளில் வாழும் பூச்சி தரும் அரக்கினால் ஆனது. மிட்டாய் சுற்றிவந்த ‘கண்ணாடிக் காகிதம்’, சுவிட்ஸர்லாந்தைச் சேர்ந்த பிராண்டன்பெர்கர் என்ற இரசாயனி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரக்கூழிலிருந்து கண்டுபிடித்த செல்லோபேன்.

பிறகு பெட்ரோலியம் வந்தது. 1933 மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தில், இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்டிரீஸ் ஆராய்ச்சிச்சாலையில், கிப்ஸன், பாஸெட் என்ற இருவர் எதிலின் வாயுவை மிகுந்த அழுத்தத்தில் வைத்துச் சோதனை செய்தபோது, கலத்தின் அடியில் மெழுகைப் போன்ற வெண்மையான பொருள் சிறிதளவு படிந்திருக்கக் கண்டார்கள். அதுவே பாலிதீன். முதலில் போர்க்காலத்தில் ரேடார்க் கருவியின் கம்பிகளுக்கு உறையாயிற்று. 1960களில் கடைக்காரர் கையிலுள்ள பையாயிற்று. விலை மலிவு, எடை இல்லை, நீர் புகாது, எந்தக் கிருமியாலும் தின்ன முடியாது. இத்தனை நற்குணங்களே அதன் குற்றமும் ஆயின. 2015 வரையில் உலகம் செய்த பிளாஸ்டிக் ஏறக்குறைய 830 கோடி டன் என்றும், அதுவரை குப்பையானதில் நூற்றுக்கு ஒன்பது பங்கே மறுசுழற்சிக்குச் சென்றது என்றும் 2017இல் விஞ்ஞானிகள் மூவர் கணக்கிட்டு வெளியிட்டார்கள். நம் நாட்டில் மட்டும் 2020-21ஆம் ஆண்டில் சேர்ந்த பிளாஸ்டிக் குப்பை 41 லட்சம் டன் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

ஆகவே, மீண்டும் செடியிடமே போகலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. இதில் என்ன தடை என்பதை அறிய ஆராய்ச்சிசாலைக்குப் போக வேண்டியதில்லை. நம் வீட்டு மொட்டைமாடிக்குப் போனால் போதும். ஜவ்வரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சிப் பழைய வேட்டியின்மேல் வற்றல் இட்ட அனுபவம் நேயர்களில் பலருக்கு இருக்கும். வெயிலில் காய்ந்தபின் அது ஒளி ஊடுருவும் ஏடாக உரிந்து வருகிறது அல்லவா? மரவள்ளிக் கிழங்கின் மாப்பொருளிலுள்ள நீண்ட மூலக்கூறுகள் சூட்டில் அவிழ்ந்து, நீர் வற்றும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் அவ்வாறு ஆகிறது. கஞ்சியில் சிறிது கிளிசரின் சேர்த்துவிட்டால் அந்த ஏடு காய்ந்தபின்னும் முறியாமல் வளையும். அதுவும் ஒரு பிளாஸ்டிக்தான். அதை மண்ணில் புதைத்தால் சில நாட்களில் மறைந்துவிடும். ஆனால் அதில் பை செய்து கடைக்குப் போனால், ஒரு தூறல் போதும். கையில் கூழ்தான் மிஞ்சும்.

பொட்டலத்திடம் நாம் கேட்பவை ஒன்றுக்கொன்று பகையான இரண்டு குணங்கள். கடையிலும் வண்டியிலும் வீட்டிலும் இருக்கும்வரை நீருக்கும் கிருமிக்கும் அது அசையக் கூடாது. நாம் விட்டெறிந்த மறுகணம் நீருக்கும் கிருமிக்கும் அது அடங்கிவிட வேண்டும். இந்த இரண்டையும் ஒரு பொருளில் இணைப்பதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழிகளுள் ஒன்றே எங்கள் குவளை.

அதன் பெயர் பாலிலாக்டிக் அமிலம். மக்காச்சோள மாவை முதலில் சர்க்கரையாக்குகிறார்கள். கரும்பு விளையும் நாட்டில் சர்க்கரையே கிடைத்துவிடுகிறது. அந்தச் சர்க்கரையைக் கிருமிகளுக்கு இரையாகக் கொடுத்தால் அவை அதை லாக்டிக் அமிலமாகப் புளிக்க வைக்கின்றன. தயிரும் மோரும் புளிப்பது இதே அமிலத்தால்தான்; நாங்கள் மோர் ஊற்றிக் கொடுத்த குவளையே மோரின் புளிப்பால் ஆனது என்று பின்னர் அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. பிறகு அந்தச் சிறு மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோக்கிறார்கள். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் பிளேர் என்ற ஊரில் 2002இல் இதற்கென ஒரு பெருந்தொழிற்சாலை தொடங்கிற்று.

இந்தச் சங்கிலி நீரால் துண்டாகக் கூடியது. துண்டுகள் சிறியனவானபின் கிருமிகள் அவற்றை உண்டு கரியமில வாயுவும் நீருமாக மாற்றிவிடும். ஆனால் ஏறக்குறைய 60 டிகிரி வெப்பம் வரும்வரையில் சங்கிலிகள் உறைந்தாற்போல் அசைவற்றுக் கிடக்கின்றன. நீர் உள்ளே புகுந்து அறுப்பது மிக மிக மெதுவாகவே நடக்கிறது. வெப்பம் அந்த எல்லையைத் தொட்டதும் சங்கிலிகள் நெகிழ்கின்றன, குவளை துவள்கிறது, நீருக்கும் வழி கிடைக்கிறது. பெரியவரின் காப்பியில் அன்று குவளை துவண்டது எந்தக் காரணத்தாலோ, அதே காரணத்தால்தான் எங்கள் குழியில் அது மக்கவில்லை. எரு செய்யும் பெரிய ஆலைகளில் குப்பை மலைபோல் குவிந்து, தன் வெப்பத்தாலேயே 58, 60 டிகிரிக்கு ஏறி, ஈரமும் காற்றும் அளவாகப் பெற்று, வாரக்கணக்கில் அந்நிலையில் நிற்கிறது. அங்கே இந்தக் குவளை சில மாதங்களில் எருவாகும். எங்கள் உரக்குழியோ கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். ‘எருவாகும்’ என்ற சொல்லின் பின்னால் சொல்லாமல் விட்ட நிபந்தனை இதுவே. காப்பியின் சூடு வேண்டும். அதுவும் மாதக்கணக்கில் வேண்டும்.

இங்கே பொதுவாக எல்லோரும் தடுமாறும் ஓரிடம் இருக்கிறது. ஒரு பொருள் எதிலிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. எதுவாக முடியும் என்பது முற்றிலும் வேறான கேள்வி. முதல் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு, இரண்டாவதற்கும் விடை சொல்லிவிட்டதுபோல் பச்சை இலைப் படம் நம்மை எண்ண வைக்கிறது. பிரேசில் நாட்டில் 2010 முதல் கரும்புச் சாராயத்திலிருந்து எதிலின் எடுத்து, அதிலிருந்து பாலிதீன் செய்கிறார்கள். நூற்றுக்கு நூறு கரும்பு. ஆயினும் அது பெட்ரோலியத்தில் பிறந்த பாலிதீனுக்கு இரட்டைப் பிள்ளை. ஓர் அணுவும் வேறுபடாது. மண்ணில் கிடந்தால் அதுபோலவே கிடக்கும். நம் நாட்டிலும் உத்தராகண்டத்தின் காசிப்பூரில் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து கிளைக்கால் என்ற பொருளைச் செய்கிறார்கள். சோடாப் புட்டிக்கான பிளாஸ்டிக்கின் ஒரு பகுதி அந்தக் கிளைக்காலிலிருந்து வரக்கூடும். புட்டியின் நடத்தை அதனால் மாறுவதில்லை. இதற்கு நேர்மாறாக, இன்று கடையில் ‘எருவாகும் பை’ என்று விற்கும் மெல்லிய பைகள் பலவற்றில் பெரும்பங்கு, பெட்ரோலியத்திலிருந்து வந்து மக்கக்கூடிய ஒரு பொருள். மாப்பொருளும் பாலிலாக்டிக் அமிலமும் அதனோடு கலந்திருக்கும். செடியில் பிறந்து சாகாதது ஒன்று. எண்ணெயில் பிறந்து மண்ணாவது ஒன்று.

கரும்பிலிருந்து பாலிதீன் செய்வதால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. செடி வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரியே அதில் இருக்கிறது. நிலத்தடி எண்ணெய் அந்த அளவுக்கு மிஞ்சுகிறது. அது வேறொரு நன்மை. சாக்கடையை அடைக்கும் விஷயத்தில் அது உதவாது. 2005 ஜூலை 26ஆம் தேதி மும்பையின் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரம் மூழ்கிய நாளை அங்குள்ள தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று வடிகால்களை அடைத்துக்கொண்ட பைகள் கரும்பில் பிறந்தனவாக இருந்திருந்தாலும் நீர் ஓர் அங்குலம்கூடக் குறைந்திராது.

இங்கிலாந்திலுள்ள பிளிமத் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை ஒன்று என் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. 2019இல் வெளியான அந்த ஆராய்ச்சியில், கடைப் பைகள் சிலவற்றை மண்ணில் புதைத்தும், கடல்நீரில் அமிழ்த்தியும், திறந்த வெளியில் தொங்கவிட்டும் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். எருவாகும் என்று பெயர்பெற்ற பை கடலில் மூன்றே மாதங்களில் மறைந்துவிட்டது. அதே பை மண்ணில் 27 மாதங்கள் கழிந்தும் இருந்தது. ஆனால் கனம் தாங்கவில்லை. ‘மக்கும்’ என்ற சொல்லை மட்டும் தாங்கியிருந்த மற்றொரு பையோ, மூன்று ஆண்டுகளுக்குப் பின் மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் எடுத்துக் கழுவி, கடைச் சாமான்களை நிரப்பித் தூக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது. பையின்மேல் எழுதியிருப்பதை மண் படிப்பதில்லை.

இனி, எங்கள் முந்நூறு குவளைகளுக்கு வருவோம். குழியிலிருந்து எடுத்துக் கழுவி, சாக்கில் கட்டி, வளாகத்துக் குப்பையை எடுக்க வரும் அம்மையாரிடம் கொடுத்தேன். மராத்தியில் அவரை நாங்கள் ‘தாயி’ என்று அழைக்கிறோம். அந்த மொழியில் அது தமக்கையைக் குறிக்கும் சொல். நம் செவிக்கோ தாயைக் கூப்பிடுவதுபோல் கேட்கிறது. புனேயில் குப்பை பொறுக்கி வாழ்ந்த பெண்கள் 1993இல் ஒரு சங்கம் கண்டார்கள். ‘காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத்து’ என்பது அதன் பெயர். காகிதம், கண்ணாடி, தகரம் ஆகியவற்றில் பாடுபடுவோர் பஞ்சாயத்து என்று பொருள். பெயரில் பிளாஸ்டிக் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று அவர்கள் பிரிக்கும் குப்பையில் எங்கு பார்த்தாலும் அதுதான். அந்தச் சங்கத்தின் முயற்சியால் தோன்றிய ‘ஸ்வச்’ என்னும் கூட்டுறவு அமைப்பு, 2008 முதல் மாநகராட்சியோடு உடன்படிக்கை செய்துகொண்டு வீடுவீடாகக் குப்பை எடுத்துவருகிறது. உலர்ந்த குப்பையில் விலைபோகும் பொருளை விற்று வரும் பணம் அந்தப் பெண்களுக்கே உரியது.

தாயி ஒரு குவளையை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார். காதருகே வைத்து நொறுக்கிப் பார்த்தார். தண்ணீர்ப் புட்டிப் பிளாஸ்டிக் எழுப்பும் ஓசை அவருக்கு மனப்பாடம். “இதைப் புட்டிச் சாக்கில் போட்டால் பழைய சாமான் வாங்குகிறவர் சாக்கையே திருப்பிவிடுவார், அண்ணா. பார்க்க ஒன்றுபோல் இருக்கிறது, ஆனால் ஒன்றில்லை. போன மாதம் இதனால் எனக்கு எடை பிடித்தார்கள்” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. புட்டி செய்யும் பிளாஸ்டிக் 250 டிகிரியை ஒட்டி உருகுவது. பாலிலாக்டிக் அமிலம் அதற்கு மிகவும் முன்னதாகவே உருகிவிடும். இரண்டும் கலந்து உலையில் சேர்ந்தால் மொத்தமும் கலங்கிப் பழுதாகும். ஆகவே எங்கள் குவளை உரக்குழிக்கும் ஆகவில்லை, மறுசுழற்சிக்கும் ஆகவில்லை. இரண்டு வழியும் இல்லாததற்கு மூன்றாவது வழி ஒன்றுதான். ஊருக்கு வெளியே குவியும் குப்பைமேடு. மனச்சாட்சிக்காக நாங்கள் கொடுத்த விலையில் ஒரு பகுதியைத் தாயி தம் எடையில் கொடுத்திருக்கிறார் என்பதை அறிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பழைய மட்டரகக் குவளையையாவது வாங்க ஆள் இருந்தது.

இதைக் கேட்டு, செடிப் பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று முடிவுகட்டுவதும் அவசரம். மருத்துவர் உள்ளுறுப்பில் இடும் தையல் நூல், பிரிக்கத் தேவையின்றித் தானே கரைந்துவிடுகிறதே, அதில் இந்த லாக்டிக் அமிலக் குடும்பத்தைச் சேர்ந்ததும் உண்டு. அங்கே அதற்கு ஈடு இணை இல்லை. காய்கறிக் கழிவை நிரப்பி, பையோடு சேர்த்து எரு ஆலைக்கு அனுப்பும் ஏற்பாடு உள்ள நகரத்தில், எருவாகும் பை பேருதவி. பையைப் பிரித்துக் கொட்டும் வேலை மிச்சமாகிறது. வயலில் களை வராமல் மூடும் தாள், தேயிலைப் பொட்டலம், பழத்தின்மேல் ஒட்டும் சிறு சீட்டு இவையும் அப்படியே. உணவோடும் மண்ணோடும் ஒட்டிக்கொண்டு, திரும்பப் பிரித்தெடுக்க முடியாத பொருள்களுக்கு இது ஏற்றது. தனியே கையில் எடுக்கக்கூடிய குவளைக்கும் புட்டிக்கும் அவ்வளவு ஏற்றதன்று என்பது என் அபிப்பிராயம்.

பாக்டீரியாக்கள் சில, நாம் கொழுப்பைச் சேர்ப்பதுபோல், தம் உடலுக்குள்ளேயே ஒருவகைப் பிளாஸ்டிக்கைச் சேர்த்துவைக்கின்றன. பாரிஸில் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த லெமுவாஞ் 1926ஐ ஒட்டி இதைக் கண்டறிந்தார். அது சாதாரண மண்ணிலும் கடலிலும்கூட மக்கும். ஆயினும் பாலிதீனோடு விலையில் போட்டியிட இன்னும் அதனால் இயலவில்லை.

நம் நாட்டிலும் வேலை தொடங்கிவிட்டது. புனேக்கு அருகே, கண்டோபா கோயிலாலும் மஞ்சளாலும் பெயர்பெற்ற ஜெஜூரியில், செடிப் பிளாஸ்டிக் செய்யும் முறையைச் செய்துகாட்டும் நிலையம் ஒன்று 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்தில் கும்பி என்னுமிடத்தில் சர்க்கரை ஆலை ஒன்று, கரும்பிலிருந்து பாலிலாக்டிக் அமிலம் செய்யும் பெருந்தொழிற்சாலையை நிறுவப்போவதாக அதே ஆண்டில் அறிவித்தது. மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டு ஐயங்கள் எனக்கு உண்டு. கரும்பு நீரைக் குடிக்கும் பயிர். மகாராஷ்டிரத்தில் அது விளையும் நிலம் சிறிது, அது வாங்கும் பாசன நீர் மிகப் பெரிது. இது முதலாவது. இரண்டாவது, குவளை செய்யும் ஆலையைக் கட்டுவதுபோலவே, அதை 60 டிகிரியில் வேகவைத்து மண்ணாக்கும் ஆலையையும் ஊருக்கு ஊர் கட்ட வேண்டும். முன்னதற்கு முதலீடு கிடைக்கிறது. பின்னதைப் பற்றிப் பேச்சு அதிகமாகக் காதில் விழவில்லை.

சட்டம் இதைச் சிறிது உணர்ந்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும். 2016இல் வந்த பிளாஸ்டிக் கழிவு விதிகளும் பின்னர் வந்த திருத்தங்களும், எருவாகும் பிளாஸ்டிக் ஐ.எஸ். 17088 என்னும் இந்திய அளவுகோலுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்றும் விதிக்கின்றன. 2024 மார்ச்சில் வந்த திருத்தம், ‘மக்கும்’ என்று சொல்லிக்கொள்ளும் பிளாஸ்டிக் நுண்துகள் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்கிறது. ஆகவே நேயர்கள் தில்லியிலோ, கல்கத்தாவிலோ, ஆமதாபாத்திலோ இத்தகைய பையை வாங்க நேர்ந்தால், இலைப் படத்தை விட்டுவிட்டு அந்த எண்ணையும் சான்றிதழையும் தேடுங்கள். ‘செடியால் ஆனது’, ‘மண்ணுக்கு உகந்தது’ என்ற சொற்களுக்கு மட்டும் எந்தப் பொறுப்பும் இல்லை. அதன்பின் உங்கள் நகராட்சியைக் கேளுங்கள்: இதை எடுத்துச் சென்று எருவாக்கும் ஆலை உண்டா? இல்லையென்றால் அந்தச் சான்றிதழுக்கு உங்கள் ஊரில் வேலை இல்லை.

பிளாஸ்டிக்காக மாற்றாத செடியும் உண்டு என்பதை நாம் மறந்தே போகிறோம். ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் சால் இலையைத் தைத்துத் தட்டும் தொன்னையும் செய்யும் பெண்கள் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். புரி ஜகந்நாதர் ஆலயத்தின் மகாபிரசாதம் மண்சட்டியிலேயே வருகிறது. கர்நாடகத்து மலைநாட்டில் உதிர்ந்த பாக்குமட்டையை நனைத்து, சூடான அச்சில் அழுத்தித் தட்டாக்குகிறார்கள். பசையும் இல்லை, பூச்சும் இல்லை. கரும்புச் சக்கைத் தட்டும் நல்லதே; எண்ணெய் ஊறாமல் இருக்கச் சில ஆலைகள் நெடுங்காலம் அழியாத புளோரின் இரசாயனங்களைச் சேர்ப்பதுண்டு என்பதால், அதைக் கேட்டு வாங்குவது நலம். இலையும் மட்டையும் எங்கள் குழியிலேயே, எந்த ஆலையும் இல்லாமல், ஒரு மழைக்காலத்தில் மறைந்துவிட்டன. இலையில் மோர் குடிக்க முடியாது என்பதுதான் சங்கடம்.

அதனால் 2024ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு முன் கூட்டம் மீண்டும் கூடியது. மண்குவளை வாங்கலாம் என்று ஒரு யோசனை. முந்நூறு மண்குவளைகளைச் சுட எரியும் விறகுக்கு யார் கணக்குச் சொல்வது என்று ஓர் எதிர்ப்பு. முடிவில், பாத்திரம் வாடகைக்கு விடுகிறவரிடமிருந்து முந்நூறு எவர்சில்வர் குவளைகள் கொண்டுவந்தோம். கழுவுவது யார் என்பதில் அரைமணி நேரம் சர்ச்சை நடந்தது. ஆண்கள்தாம் கழுவ வேண்டும் என்று பெண்கள் தீர்மானித்தார்கள். அதற்கு மறுபேச்சு எழவில்லை. தண்ணீர் செலவாயிற்று, அதை மறைப்பதற்கில்லை. முதல் நீரைத் தோட்டத்துக்கே விட்டோம். பெரியவர் அன்று காப்பியை அச்சமின்றி ஊற்றிக்கொண்டார். குவளை சுட்டு உதட்டைப் பொசுக்கியது என்பது வேறு விஷயம்.

மாலையில் எண்ணிப் பார்த்தபோது பதினொரு குவளைகள் குறைந்தன. வாடகைக்காரர் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார். மறுவாரத்துக்குள் ஏழு குவளைகள் ஒவ்வொன்றாக என் வாசலுக்கு வந்து சேர்ந்தன. குழந்தைகள் மோரோடு வீட்டுக்கு எடுத்துப்போனவை. மிச்சம் நான்கு எங்கே இருக்கின்றன என்று இன்னும் தெரியவில்லை. எந்த வீட்டிலாவது உபயோகத்தில்தான் இருக்கும்.